கோபால் கம்பைலர் ஆப்ஷன்: சோர்ஸுக்குள்ளா, ஜேசிஎல்லிலா, பில்ட் கோப்பிலா?

கோபால் (COBOL) நிரலில், குறியோடு கூடிய நான்கு இலக்க எண்ணை பைனரியாக வைக்கும் பிக் எஸ்9(4) காம்ப் என்று ஒரு புலம். வேறொரு புலத்தில் இருக்கும் 12345-ஐ அதற்குள் மூவ் செய்கிறோம். எண்ணை எப்படி வெட்டுவது என்று கம்பைலருக்குச் சொல்லும் டிரங்க் ஆப்ஷன் எஸ்டிடி என்றிருந்தால் உள்ளே நிற்பது 2345. பின் என்றிருந்தால் 12345 அப்படியே நிற்கும். இரண்டு பைட்டில் 32767 வரை இடம் உண்டு. சோர்ஸில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. இது புத்தகக் கணக்கு இல்லை. டிபி2 தரவுத்தளத்தின் ஸ்மால்இன்ட் (சிறு முழு எண்) நெடுவரிசைக்கு நாம் தினமும் எழுதும் டிக்ளரேஷனே எஸ்9(4) காம்ப்தான்.

ஐபிஎம் மெயின்ஃப்ரேமில், எண்டர்பிரைஸ் கோபாலில், இந்த ஆப்ஷன்களை எழுதிவைக்க மூன்று இடங்கள் உண்டு. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆப்ஷனைப் பொறுத்தது என்பது என் பதில்.

முதலில் சோர்ஸ். ஐடென்டிஃபிகேஷன் டிவிஷனுக்கு மேலே, கமென்ட் வரிகளுக்கும் முன்னால், சிபிஎல் அல்லது ப்ராசஸ் என்று தொடங்கும் ஒரு வரி. இதன் பலம், நிரல் எங்கே போனாலும் ஆப்ஷனும் கூடவே போகும் என்பது. யார் எந்த ஜேசிஎல்லில் (வேலையை ஓட்டச் சொல்லும் கட்டளைக் கோப்பு) கம்பைல் செய்தாலும் விடை ஒன்றுதான். பலவீனமும் அதுவே. ஜேசிஎல்லில் ஆப்ஷன்களைக் கொடுக்கும் இடமான பார்மை இந்த வரி வென்றுவிடும். சிஸ்டம் ப்ரோக்ராமர் நிறுவும்போதே பூட்டிவைத்த ஆப்ஷன்களை மட்டும்தான் இதனால் அசைக்க முடியாது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பிழை தேடுவதற்காக ஒருவர் சிபிஎல் வரியில் எஸ்எஸ்ரேஞ்ச் (அட்டவணை எல்லை மீறப்படுகிறதா என்று ஓடும்போது சோதிக்கும் ஆப்ஷன்) சேர்த்தார், எடுக்க மறந்தார். ப்ரொடக்‌ஷன் ஜேசிஎல்லில் நோ எஸ்எஸ்ரேஞ்ச் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலை வழக்கத்தைவிட நீண்டது. ஜேசிஎல்லையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பைல் லிஸ்டிங்கில் நடைமுறைக்கு வந்த ஆப்ஷன்களின் பட்டியலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பழைய 4-ஆம் பதிப்பு என்றால் ரன்டைமில் செக் ஆஃப் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். 2013-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. எஸ்எஸ்ரேஞ்சோடு கம்பைல் ஆனால் சோதனை ஓடியே தீரும்; நிறுத்த மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

அடுத்து ஜேசிஎல் பார்ம். ஒரு ப்ரொசீஜரில் எழுதினால் நூற்றுக்கணக்கான நிரல்களுக்கும் ஒரே அடியில் பொருந்தும். டெஸ்டுக்கு ஒன்று, ப்ரொடக்‌ஷனுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பார்மின் எல்லை 100 எழுத்து. சிக்ஸ், எஸ்க்யூஎல், ஆர்ச், லிஸ்ட், மேப் என்று ஆப்ஷன்களை அடுக்கினால் சீக்கிரம் முட்டும். முட்டினால் ஆப்ட்ஃபைல் என்று ஒரு சொல்லை மட்டும் பார்மில் வைத்து, மீதியை சிஸ்ஆப்ட்எஃப் டிடி (கோப்பைச் சுட்டும் ஜேசிஎல் வரி) காட்டும் கோப்பில் எழுதலாம். அந்தக் கோப்பில் முதல் நெடுவரிசையில் நட்சத்திரக் குறி போட்டுக் கமென்ட் எழுத இடம் உண்டு. இந்த ஆப்ஷன் ஏன் இங்கே என்று எழுதிவைக்க வாய்த்த இடம் இது. பார்மில் அதற்கு வழியில்லை. பலரும் இதைத் தொடாமலே காலம் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு வியப்புதான்.

மூன்றாவது பில்ட் கோப்பு, சோர்ஸின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வந்த பிறகு பரவிய வழி. ஐபிஎம்மின் பில்ட் கருவியான டிபிபி-யோடு அதற்கான இசட்ஆப்பில்டு ஸ்கிரிப்டுகளைப் பயன்படுத்துகிறவர்கள் பொது ஆப்ஷனை ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் வைத்து, விதிவிலக்கான நிரலுக்கு மட்டும் கோப்புப் பெயரோடு தனி மதிப்பு கொடுக்கிறார்கள். யார், எப்போது மாற்றினார்கள் என்பது கமிட்டில் நிற்கும். ஜேசிஎல்லோடு ஒப்பிட்டால் இது ஒரு படி மேல். ஆனால் நிரலின் பெயரை மாற்றினாலோ வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ விதிவிலக்கு சத்தமில்லாமல் கழன்றுவிடலாம். சிபிஎல் வரிக்கு அந்த ஆபத்து இல்லை.

நிரல் எழுதும் கருவியான ஐடிஇ-க்குள் இருக்கும் ப்ராப்பர்ட்டி குரூப்பையும் (ஆப்ஷன் தொகுப்பு) சிலர் நான்காவது வழியாகச் சொல்வார்கள். நான் ஏற்பதில்லை. எடிட்டரின் சின்டாக்ஸ் செக் அதைப் படிக்கும். பில்ட் வேறெங்கோ படிக்கும். திரையில் சிவப்புக் கோடு இல்லை என்பதால் பில்டும் அதே ஆப்ஷனில்தான் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆக, நான் பிரிப்பது இப்படி. விடையை மாற்றும் ஆப்ஷன்கள் சோர்ஸுக்குள்: டிரங்க், எண்ணின் குறியை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் நம்ப்ராக், எண்ணின் உச்சவரம்பை 18 இலக்கத்திலிருந்து 31-க்கு ஏற்றும் அரித். சூழலைப் பொறுத்து மாறுபவை வெளியே: பிழை தேட உதவும் டெஸ்ட், வேகத்துக்கான ஆப்டிமைஸ், எஸ்எஸ்ரேஞ்ச், லிஸ்டிங்குக்கான லிஸ்ட், இயந்திர வகையைச் சொல்லும் ஆர்ச். குறிப்பாக ஆர்ச், எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறோம் என்பது நிரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு புலத்துக்காக டிரங்க் பின் தேவைப்பட்டால் ஆப்ஷனையே தொடாமல் அந்தப் புலத்தை, இலக்கக் கணக்கில் வெட்டாத காம்ப்-5 என்று எழுதிவிடலாம். நிரல் முழுவதற்கும் பின் வைத்தால் வேகத்தில் விலை கொடுக்க நேரலாம்.

லேப்டாப்பில் க்னூகோபால் என்ற இலவச கம்பைலரை வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒன்று. அங்கே ஆப்ஷன், கம்பைல் செய்யும் கோப்சி கட்டளையிலோ கான்ஃபிக் கோப்பிலோ போகும். எஸ்டிடி=ஐபிஎம் என்று கொடுத்தால் மெயின்ஃப்ரேம் போலவே நடக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த அமைப்பில், இலக்கக் கணக்கில் வெட்டும் பைனரி டிரங்கேட் அணைந்திருக்கும். ஐபிஎம் கம்பைலர் தானாக எடுத்துக்கொள்வதோ டிரங்க் எஸ்டிடி. லேப்டாப்பில் 12345, மெயின்ஃப்ரேமில் 2345.