போரில் மடிந்த சிப்பாயைத் தேட: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையச் சேவை எவ்வளவு உதவும்?

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்ற சேதியோடு நின்றுபோன குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். அவர்கள் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளம். 1917-இல் தொடங்கிய இந்த ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் நினைவுகூர்கிறது. தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு சிப்பாயின் பெயரைத் தட்டிவிட்டு 'விவரம் இல்லை' என்று வந்ததும் மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே விவரம் பல சமயம் இருக்கும், தேடிய விதம்தான் தப்பாக இருக்கும்.

முதல் இடறல் 'நாடு' என்ற கட்டம். இந்தியச் சிப்பாய் என்பதால் பலரும் அதில் இந்தியா என்று தேர்வு செய்கிறார்கள். அந்தக் கட்டம் கேட்பது கல்லறையோ நினைவுச் சின்னமோ இப்போது இருக்கும் நாட்டை. எரித்திரியாவில் விழுந்தவர் எரித்திரியா என்று போட்டால்தான் வருவார். எந்தப் படையில் இருந்தார் என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. இந்தியப் படை என்று அங்கே குறித்துவிட்டு நாட்டைக் காலியாக விடுவதுதான் சரி.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கும், முதற்பெயர் காலியாக இருக்கும். சாமி என்பதை ஒரு எழுத்தர் டபிள்யூ சேர்த்தும், இன்னொருவர் சேர்க்காமலும், கடைசி எழுத்தை ஐ என்றோ ஒய் என்றோ எழுதியிருப்பார். முனுசாமி ஒருவருக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல் முயன்று பார்க்க வேண்டும். ஊர் தெரிந்தால் கூடுதல் தகவல் பகுதி கைகொடுக்கும். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று அதில் இருக்கும். ஆனால் ஜில்லா பெயர்கள் அந்தக் காலத்து ஆங்கில வழக்கில் டின்னவெல்லி, டிரிச்சினோப்பொலி, டாஞ்சோர், சிங்கிள்புட், ராம்நாட் என்றுதான் இருக்கும். திருநெல்வேலி என்று இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

பெயரைவிட நம்பத்தக்க வழி ரெஜிமென்ட், அதாவது அவர் இருந்த படைப்பிரிவு. இந்தச் சேவையின் உண்மையான பலம் இங்கேதான். ஆறாம் ராஜபுதனா ரைஃபிள்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு ரெஜிமென்ட்டுக்குள் பல பட்டாலியன்கள் உண்டு. அதன் நான்காவது பட்டாலியன், அதாவது 4/6, பல பட்டாலியன்கள் சேர்ந்த நான்காவது இந்திய டிவிஷனில் இருந்தது. ரெஜிமென்ட் கட்டத்தில் அந்தப் பெயரையும், இறந்த தேதிக்கு 1940 முதல் 1945 வரையும் கொடுத்து, வரும் பட்டியலை விரிதாளாக இறக்கித் தேதிவாரியாக அடுக்கினால் அந்தப் பட்டாலியன் நடந்த பாதையே கண்முன் வரும். 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பர்ரானி. 1941 பிப்ரவரி, மார்ச்சில் எரித்திரியாவின் கெரன் மலை. அதே ஆண்டு ஜூனில் சிரியா, டமாஸ்கஸ் பக்கத்து மெஸ்ஸே. மறுபடி வடக்கு ஆப்பிரிக்கா, 1943 ஏப்ரலில் துனீசியா. 1944 பிப்ரவரி 17-18 இரவில் இத்தாலியின் காசினோவில் 593-ஆம் குன்று. ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என மூன்று கண்டங்களும் ஒரே பட்டாலியனின் சாவுத் தேதிகளில் அடங்கிவிடுகின்றன.

பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற, இந்தப் பட்டாலியனின் இரண்டு வீரர்களையே பாருங்கள். சுபேதார் ரிச்பால் ராம் 1941 பிப்ரவரி 12 அன்று கெரனில் இறந்தார்; இந்து என்பதால் தகனம் நடந்தது, பெயர் கெரன் தகன நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. ஹவில்தார் மேஜர் சேலு ராம் 1943 ஏப்ரலில் துனீசியாவின் ஜெபல் கார்சியில் விழுந்தார். அவர் பெயர் ஸ்ஃபாக்ஸ் போர்க் கல்லறையில். ஒரே பட்டாலியன், இரண்டே வருட இடைவெளி, நினைவிடங்களோ கண்டத்தின் இரண்டு மூலைகளில். அதனால்தான் 'கல்லறை எங்கே' என்று மட்டும் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம். இந்து, சீக்கியச் சிப்பாய்கள் பலருக்குக் கல்லறையே கிடையாது, கல்வெட்டில் ஒரு வரிதான்.

இரண்டு எச்சரிக்கை. ஆறாம் ராஜபுதனா ரைஃபிள்ஸும் ஏழாம் ராஜபுத் ரெஜிமென்ட்டும் வேறு வேறு; பெயர் ஒலியை நம்பித் தேர்வு செய்தால் முழுத் தேடலும் திசைமாறும். அதேபோல 1/6, 4/6 இரண்டு பட்டாலியன்களும் ஒரே டிவிஷனில் இருந்தன, காசினோவிலும் இருந்தன. பட்டாலியன் எண்ணைப் பிரிக்காமல் அடுக்கினால் இரண்டு பட்டாலியன்களின் பயணமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள் காலாட்படையில் குறைவாக வருவதைக் கண்டு சோர வேண்டாம். மதராஸ் காலாட்படை 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் போரின்போதுதான் மறுபடி எழுப்பப்பட்டது. அதுவரை நம் ஆட்கள் பெரும்பாலும் மதராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படை), தளவாடம், மருத்துவப் பிரிவுகளில் இருந்தார்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காத்து, ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் சாப்பர்தான். முதல் போர் என்றால் நிலைமை வேறு. 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. அந்தப் பழைய ரெஜிமென்ட் பெயராலேயே, பாலம்கோட்டா என்ற அன்றைய எழுத்துக்கூட்டலில், தேட வேண்டும்.

இனி குறைகள். ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கை, 45,000 முதல் 54,000 பேர் வரை, பெரும்பாலும் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும், சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் இல்லாமலோ, எந்த நினைவும் இல்லாமலோ விடுபட்டிருக்கிறார்கள். ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர் கல்லில் ஏறியது, சாதாரணச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள். ஆகவே கிழக்கு ஆப்பிரிக்கா, மெசபடோமியா (இன்றைய ஈராக்) பக்கம் போனவர் பட்டியலில் இல்லையென்றால் அவர் போகவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வருத்தமும் கோபமும் ஒருசேர வரும் இடம் இது. அவர் படையில் இருந்ததற்கான ஆதாரமும் இறப்புச் சான்றும் கைவசம் இருந்தால் பெயரைச் சேர்க்கும்படி ஆணையத்திடமே கோரலாம்.

காலக் கெடுவும் கவனிக்கத் தக்கது. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த எல்லைக்குள் படையில் இருக்கும்போது இறந்தவர்கள் நோயில் போனாலும் சேர்க்கப்படுவார்கள். எல்லைக்கு வெளியே இறந்தவர் எத்தனை களம் கண்டிருந்தாலும் இங்கே இருக்க மாட்டார்.

ஒருவரின் பக்கம் கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் ஸ்கேன் ஆவணங்களைத் திறக்காமல் விடாதீர்கள். கல்லறை இருப்பவருக்குப் பதிவறிக்கையும், உடல் வேறிடத்திலிருந்து மாற்றப்பட்டிருந்தால் அதற்கான தாளும் சில சமயம் இருக்கும். முதலில் புதைத்த இடம் அந்தத் தாளில் இருந்தால் அவர் விழுந்த களத்தை ஓரளவு கணிக்கலாம். கல்வெட்டில் மட்டும் பெயர் உள்ளவருக்கு அந்தப் பலகையின் பட்டியல் தவிர அதிகம் எதிர்பார்க்க முடியாது.

இந்தச் சேவை தருவது முடிவுப் புள்ளியை மட்டும். நடுவே நடந்ததற்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டாலியன் போர் நாட்குறிப்புகள்தான் கதி. அங்கே கேட்க வேண்டிய கோப்பு வரிசை, முதல் போருக்கு டபிள்யூஓ 95. இரண்டாம் போருக்கு மத்திய கிழக்கு டபிள்யூஓ 169, இத்தாலி டபிள்யூஓ 170, பர்மா டபிள்யூஓ 172. சிப்பாயின் பெயர் அவற்றில் அநேகமாக இருக்காது. பட்டாலியன் எந்த நாள் எங்கே இருந்தது என்பது இருக்கும்.

உயிரோடு திரும்பியவரைத் தேடுகிறவர்கள் இந்தத் தளத்தில் நேரம் செலவிட வேண்டாம். வீட்டுப் பெட்டியில் உள்ள பதக்கங்களைப் பாருங்கள்: ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூன் 10-க்கும் 1943 மே 12-க்கும் இடையே அந்தக் களம், இத்தாலி ஸ்டார் என்றால் 1943 ஜூன் 11-க்குப் பிறகு. முதல் போரின் வட்டப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் பொறித்திருக்கும்; அழுக்கென்று பாலிஷ் போட்டுத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். படை எண், பதவி, தகப்பன் பெயர், ஊர், டிஸ்சார்ஜ் சான்றின் நகல் இவற்றோடு அந்த ரெஜிமென்ட்டின் ஆவணப் பிரிவுக்கு எழுத வேண்டும்: மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சாப்பர்ஸுக்கு பெங்களூரு, ராஜபுதனா ரைஃபிள்ஸுக்கு டெல்லி கண்டோன்மென்ட். படை எண் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால், ஒரே பெயரில் பல பேர் இருந்த ரெஜிமென்ட்டில் உங்கள் ஆளைப் பிரித்தெடுக்க அவர்களுக்கு வழி இருக்காது.