வில்வப் பழமும் இந்த வருட ஊர்ப் பயணமும்

ஜெர்மனியில் எங்கள் குடியிருப்பின் வேலியோரம் முழுக்க அலங்காரக் குயின்ஸ் புதர்தான். இலை துளிர்க்கும் முன்பே செக்கச்செவேலென்று பூத்துவிடும். அக்டோபரில் மஞ்சள் காய்கள் உதிரும். பச்சையாகக் கடித்தால் பல் கூசும். நான் பொறுக்கி வந்து, விதை நீக்கி ஜெல்லி காய்ச்சுவேன். பெக்டின் நிறைய உண்டு, சர்க்கரை போட்டுக் கொதித்ததும் தானாகவே இறுகிவிடும்.

வில்வத்துக்கு 'பெங்கால் குயின்ஸ்' என்று ஒரு பெயர் இருப்பது போன வருடம்தான் தெரியவந்தது. அதன் தாவரவியல் பெயரில் வரும் மார்மெலோஸுக்கும், போர்த்துகீசியர் குயின்ஸைச் சொல்லும் மார்மெலோவுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் குயின்ஸ் ரோஜாக் குடும்பம், வில்வம் எலுமிச்சைக் குடும்பம். கும்பகோணத்தில் அம்மா வீட்டுக் கொல்லையில் வில்வ மரம் நிற்கிறது. இலை பூஜைக்குப் போகும், பழம் குப்பைக்குப் போகும். இந்த மே மாதம் போனபோது அதை மாற்றியே தீருவது என்றிருந்தேன்.

தங்கை வீட்டுக்கும் ஒரு கன்று வாங்கலாமே என்று ஒரு நர்சரிக்குப் போனேன். வில்வம் என்று எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காம்பில் ஐந்தும் ஏழுமாகச் சிற்றிலைகள். அது விளா! வில்வம் என்றால் மூன்று மூன்றாக இருக்க வேண்டும். மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். கேட்டு வாங்குபவருக்குச் சரியான கன்றைத் தருவதுதானே அவர்கள் வேலை? வருத்தமாக இருந்தது.

நாட்டு மருந்துக் கடைப் பெரியவர் அதற்கு நேர்மாறு. இருபது நிமிடம் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். விளாவின் ஓடு சொரசொரப்பு, சாம்பல் வெள்ளை. வில்வத்தின் ஓடு வழவழப்பு, பழுத்தால் மஞ்சள் ஏறும், காம்படியில் முகர்ந்தால் வாசனை வரும். வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது பிஞ்சு வற்றல், பழம் மலத்தை இளக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே தம்பி என்றார். ஒரு பொருளும் வாங்கச் சொல்லவில்லை.

அன்று மாலையே துணி துவைக்கும் கல்லில் ஒரு பழத்தை அடித்து உடைத்தேன். உள்ளே ஆரஞ்சு நிறச் சதை, விதையைச் சுற்றிக் கண்ணாடி போலப் பிசின், விரலை எடுத்தால் நூலாக நீண்டது. ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து துணியில் வடிகட்டினோம். மிக்ஸி கூடாது, விதை உடைந்தால் கசந்துவிடும். கொஞ்சம் வெல்லம், ஏலக்காய். அம்மா இரண்டு டம்ளர் குடித்தார்.

பழத்தைக் கொண்டுபோக முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் எடுத்துப் போகக்கூடிய பழங்கள் அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை ஆகிய 5 மட்டும்தான். அதனால் ஜாமாகக் காய்ச்சி, 2 பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உடையாமல் வந்து சேர்ந்தன.