மழைநாளில் பறவை பார்க்க: தோட்டமா, நடையா?

அடைமழை என்றால் தோட்டம்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கூரைக்கு அடியில் நின்றால் இருநோக்கியின் கண்ணாடி நனையாது. ஒரே கிளையில் அமர்ந்த பறவை உடலைச் சிலிர்த்து நீரை உதறுவதையும், வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் பூசுவதையும் நிதானமாகப் பார்க்கலாம். நடையில் இது அரிது.

ஆனால் மழை ஓய்ந்தபின் வரும் முதல் அரைமணி நேரத்தை வீட்டில் கழிக்காதீர்கள். பசியோடு ஒதுங்கியிருந்தவை அப்போதுதான் இரை தேடக் கிளம்பும். ஈசல் புறப்பட்டால், பறந்தபடியே பூச்சி பிடிக்கும் சிறு பறவைகளான தகைவிலான்கள் தலைக்கு மேலேயே வட்டமடிக்கும். குளக்கரைப் பறவைகளோ தோட்டத்துக்கு வரப்போவதில்லை. அவற்றுக்கு நடந்தே ஆக வேண்டும். மங்கலான வெளிச்சத்துக்கு 8×42 இருநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) நல்லது, நீர்புகாத வகையாக இருக்கட்டும். நனைந்து ஒடுங்கிய பறவையைப் படத்துக்காக நெருங்கி விரட்டாதீர்கள்.