சேர்ந்து குடியேறினால் அடுப்படி யாருடையது?

சகாஓமி யுசாகியின் 'ஷி லவ்ஸ் டு குக், அண்ட் ஷி லவ்ஸ் டு ஈட்' மங்காவை (ஜப்பானியப் படக்கதை) யாருக்குக் கொடுத்தாலும், முதல் தொகுதியில் வரும் சாப்பாட்டுக் கடைக் காட்சியை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். கதையின் இரு நாயகிகளில் ஒருத்தியான கசுகா நல்ல உயரம், நல்ல பசி. பெண்தானே என்று கடைக்காரர் தானாகவே சோற்றைக் குறைத்து வைக்கிறார். அவள் சண்டைக்குப் போகவில்லை. எல்லோருக்கும் வைக்கிற அளவே வையுங்கள் என்கிறாள். அவள் வளர்ந்த வீட்டிலும் ஆண்களுக்கு ஓர் அளவு, அவளுக்கு ஓர் அளவு என்று பிறகு தெரியவரும்போது அந்தச் சோற்றுக் கிண்ணம் தந்த வலி எனக்கு ஆறவே இல்லை.

இன்னொரு நாயகி நோமோதோவுக்குச் சமையல் என்றால் உயிர். ஆனால் அவள் சாப்பிடுவதோ கொஞ்சம். ஆபீசில் அவள் டப்பாவைப் பார்ப்பவர்கள் நல்ல மனைவியாவாய் என்கிறார்கள். தனக்குப் பிடித்துச் செய்வதைக்கூட ஏதோ ஓர் ஆணின் கணக்கில் எழுதிவிடுகிறார்களே என்று அவள் நொந்துபோகிறாள். அதே அடுக்குமாடியில் குடியிருக்கும் கசுகா, கை நிறையப் பொரித்த கோழியோடு லிஃப்டில் எதிர்ப்படுகிறாள். அங்கிருந்து காதல் வரை கதை அவசரமே படாமல் நகர்கிறது. எனக்கு அந்த வேகம்தான் பிடித்திருக்கிறது.

ஒரு கட்டத்தில் இருவரும் சேர்ந்து வாழ வீடு தேடுகிறார்கள். அப்புறம் கதை எப்படிப் போக வேண்டும்? பிரிவு, பொறாமை, பழைய காதலி என்று எதுவும் வேண்டாம். இந்தக் கதையிலேயே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரே வீட்டில் தினமும் ஒருத்தி சமைக்க, இன்னொருத்தி சாப்பிட்டால், நோமோதோவின் ஆசை எந்த நாளில் கடமையாக மாறும்? ஜுரத்தில் படுத்திருக்கும் நோமோதோவுக்குக் கசுகா கஞ்சி வைக்க வேண்டும். இன்று சமைக்கப் பிடிக்கவில்லை என்று நோமோதோ ஒருநாள் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு யாரும் புண்படக் கூடாது. குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வா என்ற அப்பாவுக்கு முடியாது என்று சொன்னவள் கசுகா. இதை அவளைவிட நன்றாக யார் புரிந்துகொள்வார்கள்?

சட்டப் பக்கமும் வர வேண்டும். டோக்கியோவின் பகுதிகளான ஷிபுயாவும் செதகயாவும் 2015-இலேயே ஒரே பாலின ஜோடிகளுக்குச் சான்று தரத் தொடங்கின. டோக்கியோ பெருநகரம் 2022 நவம்பரில் தொடங்கியது. ஆனால் அது திருமணம் ஆகாது. அந்தச் சான்றை வாங்குவதா வேண்டாமா என்று இருவரும் சாப்பாட்டு மேசையில் பேசுவதற்கே ஓர் அத்தியாயம் தரலாம்.

பக்கத்து வீட்டு நாகுமோவையும் மறந்துவிடக் கூடாது. பிறர் முன்னால் சாப்பிட முடியாத அவளை, நல்ல சமையலைக் காட்டிக் 'குணமாக்கி' முடித்தால் எனக்குக் கோபம் வரும். தட்டு இல்லாமலே அவள் அந்த மேசையில் உட்காரலாம்.

ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே இதை 2022-லும் 2024-லும் 15 நிமிட எபிசோடுகள் கொண்ட தொடராக எடுத்தது. அதுவும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் மங்காவை முதலில் படியுங்கள். கசுகா வாய் நிறைய மெல்லும் அந்தப் பெரிய கட்டங்கள் ஓவியத்தில் தருகிற நிறைவே வேறு.