மலையில் ஆர்சி விமானக் கணக்கு: நோட்டா, ஷீட்டா, ரேடியோவா, டேப்பா?

கோத்தகிரியில் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம், சரியாகப் பறக்கவில்லை என்றால் பழி முதலில் மலைமேல்தான் விழும். "இங்க காத்து மெலிசுண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்பான் என்னோடு பறக்கவிட வரும் குன்னூர்த் தம்பி. பாதி உண்மைதான். ஊட்டி உயரத்தில், அதாவது 2200 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம், பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மேட்டுப்பாளையத்தில் இறக்கிய பழக்கத்தில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைத்தால் தேயிலைச் செடிமேல் போய் உட்காரும். மீதிப் பாதி நம்முடையது: தளர்ந்த திருகு, கிழடான பேட்டரி. எது மலை, எது நாம் என்று பிரிக்கத்தான் எனக்குக் கணக்கு தேவைப்படுகிறது. அந்த ஒரு வேலையை வைத்துத்தான் நோட்டு, கூகுள் ஷீட், கையிலிருக்கும் ரேடியோ ரிமோட் பதியும் லாக், பேட்டரியில் ஒட்டும் டேப் ஆகிய நான்கையும் எடைபோடுகிறேன்.

தம்பியின் கூகுள் ஷீட் பார்க்க அழகாக இருக்கும். எந்த பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆனது, மோட்டார் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தானே கூட்டிக்கொள்ளும். இதில் அதை அடிக்க ஆளில்லை. தொலைந்தும் போகாது. சிக்கல் மைதானத்தில். மூடுபனியில் விரல் ஈரம், அதில் கொஞ்சம் சூப்பர் க்ளூ வேறு. திரையில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும். அதனால் ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் நிரப்புகிறான். ஒருநாள் உருட்டிப் பார்த்தேன்: வரிசையாக 22 ஃப்ளைட், அத்தனையும் 7 நிமிடம். "டைமர் ஏழுக்குத்தானேண்ணே வச்சிருக்கேன்" என்றான். டைமர் செட்டிங்கை 22 தடவை நகல் எடுத்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான். இதற்கென்றே ஆப்களும் உண்டு. அவற்றிலும் இதே ஈர விரல் கதைதான்.

நோட்டு என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சாதா கோடு போட்ட நோட்டு. பேனா வேண்டாம், ஈரத் தாளில் பால்பாயின்ட் வழுக்கும். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு ஃப்ளைட்டுக்கு ஒரு வரி: பேட்டரி எண், நிமிடம், காற்று, இறங்கிய பிறகு ட்ரிம் (விமானம் நேராகப் பறக்க ரேடியோவில் வைக்கும் சிறு திருத்தம்) எங்கே நிற்கிறது.

அந்த ட்ரிம்தான் முக்கியம். ரேடியோ இன்றைய ட்ரிம்மை மட்டும் வைத்திருக்கும், போன வாரத்தது அழிந்துவிடும். சென்ற நவம்பரில் என் பால்சா விமானம் இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. "காத்துண்ணே" என்றான் தம்பி. நோட்டில் ஏலெரான் (இடவலம் சாய்க்கும் இறக்கை மடல்) ட்ரிம் வலது 3 கிளிக், அடுத்த வாரம் 6, அப்புறம் 10. காற்று வாராவாரம் ஒரே பக்கம் இப்படிக் கணக்காக ஏறாதே. இறக்கையைச் சமமான மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு முனை முறுகியிருந்தது. மழைக்கால ஈரத்தில் ஒரு மாதம் ஷெட்டில் கிடந்ததன் பலன். கவரிங் ஃபிலிமில் சூடு காட்டித் திருகலை எடுத்தேன்.

பேட்டரிக்குப் பதில் எரிபொருளில் ஓடும் க்ளோ எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு நோட்டு இன்னும் அவசியம். மலையில் காற்று குறைவு, அதனால் எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் நீடில் திருகைக் கொஞ்சம் மூடி எரிபொருளைக் குறைக்கிறோம். அதே செட்டிங்கோடு மேட்டுப்பாளையம் இறங்கி ஓட்டினால் எரிபொருள் போதாமல் எஞ்சின் சூடேறிக் கெடும். இங்கே எத்தனை கிளிக் மூடினோம் என்று எந்த ரேடியோவுக்கும் தெரியாது.

ரேடியோ லாக்கை நான் ரொம்ப நாள் மதிக்கவில்லை. எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ரேடியோக்களில் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் போதும், குச்சிகளின் நிலை, சிக்னல், வோல்டேஜ் எல்லாம் மெமரி கார்டில் சிஎஸ்வி கோப்பாக விழும். வோல்டேஜுக்கு மட்டும் விமானத்தில் சென்சார் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள், சாதாரண நாளில் யார் படிப்பது? ஆனால் ஜனவரிக் காலை ஒன்றில் ஃபோம் விமானம் ஏறும்போதே மோட்டார் அடங்கி, ஹட்டி (படுகர் ஊர்) மைதானத்துக்குக் கீழே தேயிலைக்குள் போனது. கூடியிருந்தவர்கள் "சிக்னல் போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். லாக்கில் சிக்னல் கடைசிவரை அசையவில்லை. த்ராட்டில் ஏற்றிய நொடியில் 3 செல் பேட்டரி 9.2 வோல்ட்டுக்குச் சரிந்திருக்கிறது. அந்த அளவில் மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்பீடு கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தத்தான் செய்யும்.

சரி, குளிரா? குளிரில் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் உள் மின்தடை ஏறும் என்பது தெரிந்ததே. இங்கேதான் டேப். ஒவ்வொரு பேட்டரியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண், வாங்கிய மாதம், சார்ஜர் காட்டும் உள் மின்தடை மூன்றையும் எழுதுவேன். வீட்டுக்குள், ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. விழுந்த விமானத்தில் இருந்தது 4-ம் எண். அதே நாள் வாங்கிய 3-ம் எண் செல்லுக்கு 7 மில்லிஓம். 4-ம் எண் 6-இல் தொடங்கி 15 ஆகியிருந்தது. இரண்டும் ஒரே குளிரில் பறப்பவை, ஒன்றுதான் கெட்டிருக்கிறது. குளிர் கடைசியில் ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம், ஆனால் பேட்டரி அதற்கு முன்பே போய்விட்டது.

லாக் எப்போது என்று சொன்னது, டேப் எது என்று சொன்னது. ஏன் என்று இரண்டுமே சொல்லவில்லை. அன்று ராத்திரி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அக்டோபர், நவம்பர் பக்கங்களில் நான்கு இடத்தில் ஒரே மாதிரி வரி: "மூடுபனி. பறக்கவில்லை. 4 ஃபுல்." 4-ம் எண்ணை முழுக்க ஏற்றி எடுத்துப்போய், பனி கலையும் என்று காத்திருந்து, திரும்பி வந்து அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன். செல்லுக்கு 4.2 வோல்ட்டில் வாரக்கணக்காக. பறக்காவிட்டால் 3.8 சுமாருக்கு இறக்கி வைக்க வேண்டும் என்று தம்பிக்குப் பாடம் எடுத்தவனே நான்தான்.

பறக்காத நாளுக்கு ஷீட்டில் வரி கிடையாது, ரேடியோவில் கோப்பும் கிடையாது. இப்போது தம்பியும் நோட்டு வைத்திருக்கிறான். மைதானத்திலேயே பென்சிலால் எழுதி, பக்கத்தைப் படம் பிடித்து, மாதம் ஒருமுறை ஷீட்டில் ஏற்றுகிறான். நிமிடங்கள் 5.40, 6.15, 4.50 என்று வருகின்றன.