திம்பம் – தலமலை சைக்கிள் டூர்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஈரோடு, திருப்பூர் வாட்சப் குழுக்களில் "மலைநாட்டு சைக்கிள் பயணம்" என்று ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்க்கிறார்கள். அவர்களிடம் பணமும் போய், உயிரும் போகவிருந்த ஆட்களில் நானும் ஒருவன். புகார் போய்க்கொண்டிருப்பதால் அவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ரூட்டை எழுதுகிறேன், அதை வைத்தே பிடித்துக்கொள்ளலாம்.

கோபியில் விடிகாலை கிளம்பி கொடிவேரி, சத்தி (சத்தியமங்கலம்), பண்ணாரி வழியாகத் திம்பம் மலை ஏறி ஆசனூரில் இரவுத் தங்கல். மறுநாள் திம்பத்துக்குத் திரும்பி, அங்கிருந்து தலமலை காட்டு ரோட்டில் தாளவாடி. அதற்கடுத்த நாள் இறக்கம். தலைக்கு 8,500 ரூபாய். சைக்கிள் வாடகை, சாப்பாடு, பைகளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வரும் வேன், எல்லாம் அதில் அடக்கம். "ஃபாரஸ்ட் பர்மிஷன்" என்று தனியாக 600 ரூபாய் போட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் வனத்துறை முத்திரையையும் ஒட்டியிருந்தார்கள். நானும் என் மச்சானும் அவருடைய ஆபீஸ் நண்பர்களும் சேர்ந்து பணம் கட்டினோம். கட்டுவதற்கு முன் போனிலும் கேட்டேன்.

"தலமலை ரோட்டுக்கு பர்மிஷன் கையில இருக்குதுங்களாண்ணா?"

"அதெல்லாம் வாங்கியாச்சு தம்பி. ரேஞ்சர் நமக்கு வேண்டியவருங்க. நீங்க வந்து சைக்கிளை மிதிச்சாப் போதும்."

அந்தப் பேச்சு என் போனில் பதிவாகியிருக்கிறது. கீழே எழுதுவதை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கொடிவேரி வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடப்பள்ளி வாய்க்கால் பக்கம், நெல் வயல், தென்னந்தோப்பு, காலைக் குளிர். சமதளத்தில் எந்த சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். பண்ணாரி கோயிலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சாயம் வெளுத்தது. முன்னால் மூன்று பல்சக்கரங்கள் உள்ள ஹைபிரிட் சைக்கிள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது ஒற்றைச் சக்கரம், அதில் 42 பல். பின்னால் பெரியதே 28 பல்தான். மலை ஏறாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். முன்னால் 28, பின்னால் 32 பல் இருந்தால், பெடலை ஒரு முழுச் சுற்று மிதிக்கும்போது பின் டயர் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் உருளும். அதனால்தான் செங்குத்தில் உட்கார்ந்தபடியே மெதுவாக ஏற முடிகிறது. 42-க்கு 28 என்றால் அதே ஒரு மிதிக்கு டயர் ஒன்றரைச் சுற்று உருள வேண்டும். ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு பாரம் முட்டியில் இறங்கும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் உள்பக்கம் இன்னும் செங்குத்து. எங்களில் பாதிப் பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கர்நாடகாவுக்குப் போகும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். பின்னால் வர வேண்டிய வேன் தண்ணீரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே ஆசனூர் போய்விட்டது. கூட வந்த கைடு காலேஜ் முடித்த சின்னப் பையன், அவன்தான் தன் பாட்டிலை எங்களுக்குக் கொடுத்தான். அவன் மேல் எனக்குக் கோபமே கிடையாது.

ஆசனூரில் "காட்டேஜ்" என்றது ஒரே ஹால். பாய் விரித்துப் படுத்தோம். அதை விடுங்கள்.

மறுநாள் காலை திம்பத்தில் தலமலை ரோடு பிரியும் இடத்தில் செக்போஸ்ட். கைடு போனில் இருந்த ஒரு கடிதத்தைக் காட்டினான். வனத்துறை ஊழியர் ஒருவர் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அது பர்மிஷனே இல்லை. அனுமதி கேட்டு டூர்க்காரர்கள் எழுதிய விண்ணப்பம். பதில் வந்த அடையாளமோ, கையெழுத்தோ, நம்பரோ எதுவும் அதில் இல்லை.

அவர் எங்களிடம் கத்தவில்லை. பொறுமையாகச் சொன்னார். "இது பஸ் போற ரோடுதானுங்க, ஆனா ஊர்க்காரங்களுக்குத்தான். வெளியாளுங்களை டூவீலர்லயே விடறதில்லை. சைக்கிள் இன்னும் மோசமுங்க, சத்தமே வராது. வளைவுல நீங்க திரும்புற வரைக்கும் நீங்க வர்றது யானைக்குத் தெரியாது, யானை நிக்கிறது உங்களுக்கும் தெரியாது. காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக ரோட்டுல வந்து நிக்கிறதைப் பார்த்திருப்பீங்களே? அது லாரிக்கே விலகாதுங்க."

இந்த இடத்தை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்கள் காசு பண்ணுவது இதில்தான். சத்தியமங்கலம் காடு 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1,408 சதுர கிலோமீட்டர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரணாலயத்தின் வழியாகப் போகும் பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவர்களுக்கு விலக்குத் தருகிறது. பண்ணாரி–திம்பம்–ஆசனூர் ரோடு தேசிய நெடுஞ்சாலை என்பதால் பகலில் போகலாம். 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அமலுக்கு வந்த இரவுத் தடை, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை. நெடுஞ்சாலையை விட்டு, தலமலை ரோடு மாதிரிக் காட்டுக்குள் ஒதுங்கினால் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும், இல்லாமல் மாட்டினால் வழக்கு. வழக்கு முதலில் ரோட்டில் நிற்கிற நம் மேல்தான் பாயும். ரேஞ்சர் வேண்டியவர், வாட்சர் தெரிந்தவர் என்பதெல்லாம் செக்போஸ்டில் செல்லாது, செல்லவும் கூடாது. காட்டு ரோட்டைக் காசுக்கு விற்க அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

டூர்க்காரருக்குப் போன் போட்டோம். முதலில் எடுக்கவில்லை. பிறகு எடுத்து, "ரூல் நேத்துத்தான் மாறிருச்சு தம்பி, நாங்க என்ன பண்றது? அப்படியே பண்ணாரிக்கு இறங்கிருங்க, கீழ வேற ரூட் தர்றோம்" என்றார். ரூல் எதுவும் மாறவில்லை என்று செக்போஸ்டில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள்.

இறங்கத் தொடங்கினோம். சில வளைவுகள்தான் தாண்டியிருப்போம், என் முன்சக்கரத்திலிருந்து அரம் போட்டு இரும்பை ராவுகிற மாதிரி ஒரு சத்தம். லீவரை முழுக்க அழுத்தினால் கைப்பிடியில் வந்து முட்டுகிறது, வண்டி நிற்கவில்லை. உள்பக்க மண்ணில் ஏற்றி, காலை ஊன்றி நிறுத்தினேன். மச்சான் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் பிரேக்கின் பேடில் உராயும் பொருள் துளிகூட இல்லை. பின்னால் இருக்கும் இரும்புத் தகடு நேராக டிஸ்க்கில் தேய்த்து, டிஸ்க் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல், பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பொடி. புதுப் பேடில் அந்தப் பொருள் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்று கடையில் பார்த்திருப்பீர்கள். அது தேய்ந்து அரை மில்லிமீட்டருக்கு வந்தாலே பேடை மாற்ற வேண்டும். இது அந்த டூருக்கு முன்பே தீர்ந்துபோன பேட். நீண்ட இறக்கத்தில் நம் எடையும் வேகமும் முழுக்க பிரேக்கில் சூடாக மாறித்தான் கழிய வேண்டும். அந்தச் சூட்டை வாங்க அங்கே எதுவுமே மிச்சமில்லை. எதிரே லாரி, பக்கத்தில் பள்ளம். மற்ற சைக்கிள்களையும் பார்த்தோம். பாதிக்கு மேல் இதே நிலை. கரூரிலிருந்து வந்த ஒரு அக்காவின் சைக்கிளில் பின்பிரேக் கேபிளில் பாதி இழை அறுந்து தொங்கியது. பார்த்ததும் அந்த அக்கா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

மிதித்து இறங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த பிக்கப் அண்ணன் ஒருவர் வண்டியை ஓரம்கட்டி, மூட்டைகளின் மேல் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டார். எங்களைப் பின்னால் வந்த சத்தி பஸ்ஸில் ஏறச் சொன்னார். பண்ணாரியில் சைக்கிள்களை இறக்கிவைத்துவிட்டு, நாங்கள் நீட்டிய பணத்தை வாங்காமலே போய்விட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதல் நாள் சாப்பாடு, தங்கல், "சைக்கிள் சேதம்" எல்லாம் கழித்து 700 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். சைக்கிள் சேதமாம்! பிரேக் படங்களை அனுப்பியதும் குழுவிலிருந்து எங்கள் நம்பர்களை நீக்கிவிட்டார்கள். பர்மிஷனுக்கு வாங்கிய 600-க்கு வனத்துறை ரசீதைக் கேட்டேன். இன்று வரை பதில் இல்லை.

பணம் கட்டிவிட்டுத் தவிக்கிறவர்களுக்கு: முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், டூர்க்காரர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். ஜிபே ரசீது, அவர்கள் அனுப்பிய பிடிஎஃப், வாட்சப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். நாங்கள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். கரூர் அக்காவும் எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதே ஆட்கள் டாப்சிலிப்புக்கும் ஒரு டூர் போட்டிருப்பதாக நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். சேத்துமடை செக்போஸ்டுக்கு மேல் டூவீலரே விடுவதில்லை. அங்கே சைக்கிளை எப்படி விடுவார்கள்? அந்தப் பணமும் போனதுதான்.

மலை ஏறத்தான் ஆசை என்றால் நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகள், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. இரண்டும் ஊர் ஜனங்கள் போய்வரும் பொது ரோடு. நடுவில் எவனுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சொந்த சைக்கிளில், பேடை நீங்களே கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள். வாடகை சைக்கிள் என்றால், தருகிறவர் முன்னாலேயே சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

அடுத்த பேட்ச்சில் பெயர் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். தலமலை ரோட்டுக்கான அனுமதிக் கடிதத்தை நம்பரோடு அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் அதை ஆசனூர் வனக்கோட்ட அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். எங்களோடு வந்து இதே மாதிரி ஏமாந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், புகாரில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.