ஒரே பட்டையில் அடித்த ரெண்டு அருவாள்

தோப்பு வேலியோரம் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அருவாள் அடிக்க இரும்பு எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால் காரைக்குடிப் பக்கம் மூன்று பதில் வரும்: இடித்த செட்டியார் வீட்டு ஜன்னல் கம்பி, கடையில் வாங்கும் புது இஎன் 8 (நடுத்தரக் கார்பன் உள்ள ஓர் எஃகு ரகம்), இல்லாவிட்டால் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. மூன்றிலும் கை சுட்டுக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன். என் ஓட்டு லாரிப் பட்டைக்குத்தான். ஆனால் அதை எப்படி அடிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஜன்னல் கம்பியை ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்குக் கிடைத்தது கார்பன் குறைந்த மெல்லிரும்பு. எத்தனை தடவை காய்ச்சி முக்கினாலும் தோய்ச்சல், அதாவது கடினம், ஏறவில்லை.

இஎன் 8-இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம். வாய் உடையவில்லை, மடங்கியது. நாலு மாதம்தான் பிடித்திருக்கிறேன், அதனால் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: புது இரும்பென்றால் சுத்தமான இரும்பு என்று நினைக்க வேண்டாம். பழைய பிரிட்டிஷ் தர அளவுப்படி இஎன் 8-இல் அழுக்கான கந்தகமும் பாஸ்பரஸும் தலா 0.06 சதவீதம் வரை இருக்கலாம். ஸ்பிரிங் பட்டைக்கான இஎன் 45-க்கு அது 0.05. காயலான் கடைச் சரக்கு என்று பட்டையை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும். பட்டையில் பயப்பட வேண்டியது வேறு: பல வருஷம் பாரம் தாங்கியதில் விழுந்த மயிரிழை விரிசல். நடு போல்ட் ஓட்டையை ஒட்டிய பகுதியை நான் வாங்குவதே இல்லை.

ஒரே பட்டையை ரெண்டாக வெட்டி ரெண்டு பட்டறையில் கொடுத்தேன். முதல் இடத்தில் அவசரம். மஞ்சள் பழுக்கக் காய்ச்சி அடித்து, அதே சூட்டோடு எண்ணெயில் முக்கிக் கொடுத்துவிட்டார்கள். அரம் வழுக்குகிற அளவுக்குக் கடினம். ரெண்டே வாரத்தில் வாயில் அரிசி அரிசியாகப் பல் விழுந்தது. மீந்த துண்டை வைஸில் கடித்து ஓர் அடி போட்டேன், கண்ணாடி மாதிரி உடைந்தது. உடைந்த முகம் சீனியைக் கொட்டியதுபோல் மினுமினுத்தது.

ரெண்டாவது ஆசாரி அந்த முகத்தைப் பார்த்ததும், “அண்ணே, இது சூடு தின்ன இரும்பு. மணி பெருத்துப் போச்சு” என்றார். மணி என்றால் இரும்புக்குள் நெருங்கிக் கிடக்கும் பொடிப் படிகம். அவர் அடித்து முடித்ததும் முக்கவில்லை. காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சி, வெளியே எடுத்துக் காற்றில் தொங்கவிட்டார். கறுத்து, மறுபடி காந்தம் பிடித்த பிறகுதான் திரும்ப உலை. இப்படி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சூடு கொஞ்சம் குறைத்து. அப்புறம்தான் எண்ணெய். கடைசியில் வைக்கோல் நிறம் தாண்டித் தவிட்டு நிறம் வரும்வரை இளஞ்சூடு. அவர் பட்டறையிலும் மீந்த துண்டை உடைத்துக் காட்டச் சொன்னேன். இந்தத் தடவை சாம்பல் நிறம், வெல்வெட் துணி மாதிரி. மினுக்கமே இல்லை.

இரும்பு அதே, அழுக்கும் அதே. மாறியதில் முக்கியமானது மணியின் அளவு; கடைசி இளஞ்சூடும் கூடச் சேர்ந்தது. பாஸ்பரஸ் மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லையில் போய் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் பொருபொருவென்று ஆக்கும். நம்ம வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கல் பதித்தால் இடுக்கு குறைவு. சின்ன ஆத்தங்குடிக் கல் பதித்தால் இடுக்கு ஏராளம். ஒரு பிடித் தூசியைத் தூவினால் எதில் ஒவ்வொரு இடுக்கிலும் கொஞ்சமாக விழும்? மணியின் குறுக்களவு பாதியானால் எல்லைப் பரப்பு ரெண்டு மடங்காகும், அழுக்கு அந்த அளவுக்கு மெலிந்து பரவும். விரிசலும் ஒவ்வொரு எல்லையிலும் திசை மாற வேண்டியிருக்கும். மணி சிறுக்கச் சிறுக்க வலு கூடும் என்ற கணக்கை 1951-இல் ஹால், 1953-இல் பெட்ச் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதிவைத்தார்கள். மற்ற வழிகளில் கடினம் ஏற்றினால் பெரும்பாலும் நொறுங்கும் குணமும் கூடவே வரும். இதில் வலு, தாங்கும் குணம் ரெண்டும் சேர்ந்து ஏறும். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கின் தகட்டைச் சோதித்தபோது கந்தகம், பாஸ்பரஸ் அதிகம், மணியும் இன்றைய கப்பல் இரும்பைவிடப் பெரிசு என்றுதான் தெரிந்தது.

கந்தகத்துக்கு இந்த வைத்தியம் பெரிதாக உதவாது. அது மாங்கனீசோடு சேர்ந்து, அடிக்கும்போது நூலாக நீண்டு உள்ளேயே கிடக்கும். அதனால் பட்டையின் நீளவாக்கிலேயே அருவாளை எடுக்கச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால் ரெண்டாவதுக்குக் கூலி 250 ரூபாய் கூட. பராமரிப்பில்தான் கணக்கு தலைகீழாகிறது. பல் விழுந்த வாயைச் சரிசெய்ய, ஆழமான பல்லின் அடி வரைக்கும் முழு வாயையும் தேய்த்தாகணும். முதல் அருவாள் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சாணைக்குப் போய், ஒரு விரல் அகலம் இழந்துவிட்டது. ஒரு தடவை கிரைண்டர் சூட்டில் வாய் நீலம் பாய்ந்து, இருந்த தோய்ச்சலும் போச்சு. ரெண்டாவதை எட்டு மாதத்தில் ஒரே தடவைதான் சாணைக்குக் கொடுத்தேன். மற்ற நாளெல்லாம் கிணற்றடிக் கல்லில் நாலு இழுப்பு. காய்ந்த கருவேல முண்டில் எப்படியோ, அதில் இன்னும் ஓங்கிப் போடவில்லை, பச்சைக் கிளைதான்.

வெட்டியதைக் கரிக்காக மூட்டம் போட்டிருக்கிறேன். நிலக்கரியில் கந்தகம் உண்டு, கருவேலங்கரியில் அது இல்லை என்றே சொல்லலாம் என்று ஆசாரி இப்போதே ரெண்டு மூட்டை சொல்லிவைத்திருக்கிறார்.